கொதித்தது என்று பெயர்

மெக்லி என்றால் கொதித்தது என்று அர்த்தம்.
அவ்வளவுதான். பெயர் வைத்தவளுக்கு
அன்று வேலை அதிகம் போல.

ஒரு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு சர்க்கரை,
எட்டுப் பங்கு தண்ணீர்,
பட்டை, சோம்பு, கை நிறையச் சீமைச் சீரகப் பொடி.
ஸாஹ்லேயில் எங்கள் தெருவில்
பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள்
முதலில் தொட்டிலைப் பார்ப்பார்கள்,
அடுத்தது கிண்ணத்தை.

ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டான் நஸ்ரி,
இரண்டு கிலோ சீமைச் சீரகம்.
"ஊருக்கே பிள்ளை பெறப்போகிறாயா?"
என்று கடைக்காரர் கேட்டதை
ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அக்டோபர் பதினொன்று.
அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்:
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது
பின்சீட்டு தெரியாதபடி
கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ஓட்டினான்.

பொட்டலம் மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது.
மணம் போகவில்லை.
அலமாரியைத் திறக்கும்போதெல்லாம்
யாரோ பிறந்துவிட்டதாக
வீடு நினைத்துக்கொண்டது.

பார்பரா திருநாளன்று
குடிலுக்காகப் பஞ்சில் பயறு பரப்புவது என் வேலை.
இந்த முறை அவன் பரப்பினான்.
முளைக்கும் பார் என்றெல்லாம் சொல்லவில்லை.
தண்ணீர் தெளித்தான், வேலைக்குப் போனான்.

இருபத்து நான்காம் தேதி காலை
மாமியார் போனில்:
"இந்த வருஷம் மெக்லி வேண்டாம் மகளே.
யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்."
அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.
யாரும் தப்பாக நினைக்காவிட்டால்
என் வீட்டில் மட்டும் அவர் பிறக்காமல் போய்விடுவாரா?

அடுப்பைப் பற்றவைத்தேன்.

கரண்டி நிற்கக் கூடாது.
நின்றால் கட்டி தட்டும், அடி பிடிக்கும்.
ஒரு மணி நேரம், ஒரே பக்கமாக.
கடிகாரம் பார்ப்பதற்குப் பதில்
ஜெபம் சொல்வது எங்கள் வழக்கம்.
எங்கள் தந்தையே என்று தொடங்கினேன்.
உமது விருப்பம் என்ற இடம் வந்ததும்
வாய் நின்றுவிட்டது.
கை நிற்கவில்லை.
மறுபடி தொடங்கினேன். மறுபடி அதே இடம்.
கரண்டி மட்டும் சுற்றி வந்தது.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
நஸ்ரி போனின் வெளிச்சத்தைச் சட்டிமேல் பிடித்தான்.
கை வலிக்கிறதா என்றான்.
வலிக்கட்டும் என்றேன்.

மரியே,
உனக்கு யார் கிண்டிக் கொடுத்தார்கள்?
தொழுவத்தில் ஏது அடுப்பு?
யோசேப்பு தச்சர்,
கரண்டி செதுக்கியிருப்பார்,
கிண்டத் தெரிந்திருக்காது.
அப்புறம் வேறொரு நாள் அதே பிள்ளையை
மடியில் வாங்கினாயே,
அன்றும் யாராவது கிண்ணத்தோடு வந்திருப்பார்கள்.
சாப்பிட்டாயா?
எனக்கு அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.
பைபிளில் இல்லை.

ஒன்பது கிண்ணம் வந்தது.
மழை விட்ட பெக்கா மண்ணின் நிறம்.
ஊறவைத்துத் தோலுரித்த பாதாம், வால்நட்,
மேலே தேங்காய்த் துருவல்.

பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள்,
மாமியார் உட்பட.
கீழ்வீட்டு நுஹா கிண்ணத்தை வாங்கியதும்
பழக்க தோஷத்தில்
"பிள்ளைக்கு வாழ்த்துகள்" என்றுவிட்டாள்.
சொன்ன வாயை அப்படியே கையால் மூடினாள்.
அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான் குடிலைப் பார்த்தேன்.
பழுப்புக் காகிதக் குகைக்கு முன்
விரல் உயரத்துக்குப் பயறு,
ஒரு பக்கமாகச் சாய்ந்து.

"ஆமாம், பிறந்திருக்கிறார்" என்றேன்.
"சாப்பிடு நுஹா."

எல்லோரும் போன பிறகு
நஸ்ரி சட்டியின் அடியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான்.
பிடித்துத்தான் இருந்தது அடி,
ஓரிடத்தில், கறுப்பாக.
அதுதான் ருசி என்றான்.
பொய். ஆனால் எனக்கும் கொஞ்சம் கேட்டேன்.

அந்த ஜெபத்தின் மிச்சத்தை
இன்னும் சொல்லவில்லை.
மூடாமல் வைத்திருக்கிறேன்.
ஆறட்டும்.